டெபாசிட் பணத்துக்கு எங்கே போவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலை கிடைத்துத் தலைநகர் கோலாலம்பூருக்கு வரும் வெளியூர் இளைஞர்கள் சில மாதங்களிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள், பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று இப்பகுதியில் ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். செந்தூலில் மாடி அறைகளை வாடகைக்கு விடும் எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்வோம்.

ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை மாதம் 700 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத டெபாசிட் 1,400. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாத டெபாசிட் 350. முதல் மாத வாடகை 700. சாவி கைக்கு வருவதற்குள் 2,450 வெள்ளி போய்விடும். குறைந்தபட்சச் சம்பளமோ 1,700. அதுவும் மாதம் முடிந்து, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். மெத்தை, மின்விசிறி வாங்குவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நம் குடும்பங்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. சென்ற ஆண்டு தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து ஒரு பெண் அறை கேட்டாள். அவளுடைய அப்பா என்னிடம் போனில், "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வாடகைதான் மாசாமாசம் கட்டப் போறோமே, அப்புறம் டெபாசிட் எதுக்கு?" என்றார். செம்பனைத் தோட்டத்தில் உழைத்தவர். வேலையில் சேர்ந்ததும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீடு கொடுத்துவிட்டார்கள். வீட்டு ஒப்பந்தம் எதிலும் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை. என் அப்பாவும் அப்படித்தான். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. வேலையோடு வீடும் சேர்ந்து வந்த தலைமுறை அது. (வேலை போனால் வீடும் போயிற்று என்பது தனிக்கதை.) அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். என்ன கேட்பது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லித் தர வீட்டில் ஆளில்லை.

அதனால்தான் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பி, கண்ணால் பார்க்காத அறைக்கு 'புக்கிங்' பணம் அனுப்பி ஏமாறுகிறார்கள். ஏஜெண்ட் என்று வருபவரிடம் ஆர்இஎன் எண் (வீட்டு முகவராகப் பதிவு செய்துகொண்டதற்கான எண்) போட்ட அட்டையைக் கேட்க வேண்டும். பணத்தை வீட்டுக்காரர் கணக்கிலோ ஏஜெண்டின் நிறுவனக் கணக்கிலோ போடலாமே தவிர, ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடக் கூடாது. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டிவிட வேண்டும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால், ஆண்டு வாடகையில் 250 வெள்ளிக்கு 1 வெள்ளி. 700 வெள்ளி அறைக்கு வெறும் 34 வெள்ளிதான் வரும். இதை மிச்சம் பிடிக்கப் போய், நாளைக்கு ஒரு தகராறு என்றால் முத்திரையில்லாத தாளை நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. நகர நடுவே பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருப்பேன் என்று அடம் பிடிக்கவும் தேவையில்லை. 50 வெள்ளி மை50 பயண அட்டையில் 30 நாளைக்கு எம்ஆர்டி, எல்ஆர்டி நகர ரயில்கள், ரேபிட் பேருந்து எல்லாம் ஏறலாம். கொஞ்சம் தள்ளியிருக்கும் ஜிஞ்சாங், கெப்போங் பாரு பக்கமும் எம்ஆர்டி போகிறது.

இனி வீட்டுக்காரர்களிடம் வருகிறேன். 'இந்தியர்களுக்கு இல்லை' என்ற விளம்பரத்தைக் கண்டால் நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். வாடகை வீடுகளுக்கென ஒரு சட்டம் வரும் என்பது பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே கிடக்கிறது. ஆனால் என் தெருவிலேயே, சொந்த வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் "நம்ம ஆளுங்க வேணாம்" என்று ஏஜெண்டிடம் சொல்கிறார்களே, அதை யாரிடம் போய் முறையிடுவது? கேட்டால் வாடகை தரமாட்டான், கூட்டம் சேர்ப்பான் என்பார்கள். என்னிடமும் ஒருவர் பாக்கி வைத்துவிட்டுப் போனார். டெபாசிட்டில் கழித்துக்கொண்டேன். அதற்குத்தானே அதை வாங்குகிறோம்? மீன் குழம்பு வாசனை ஆகாது என்று அறை தர மறுத்த தமிழர் ஒருவரும் இங்கே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது தெருவுக்கே தெரியும்.

நான் சாவி கொடுக்கும்போது ஒரு மாத டெபாசிட் மட்டுமே வாங்குகிறேன். இன்னொரு மாதத் தொகையை நான்காகப் பிரித்து வாடகையோடு சேர்த்துக் கட்டச் சொல்கிறேன். தெலுக் இந்தான் பெண் அப்படித்தான் கட்டி முடித்தாள், இன்னும் என் மாடியில்தான் இருக்கிறாள். இதில் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. அறை காலியாகக் கிடந்தால்தான் நட்டம். மற்ற வீட்டுக்காரர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் அறை வாடகை விளம்பரங்களுக்கு ஒரு சிறு பத்தி ஒதுக்குங்கள். வாடகை எவ்வளவு, டெபாசிட்டைப் பிரித்துக் கட்டலாமா, பக்கத்து ரயில் நிலையம் எது, இந்த மூன்றும் இல்லாத விளம்பரத்தைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்,
செந்தூல், கோலாலம்பூர்