கல்நார்க் கழிவு புதைத்த இடங்களுக்கு வரைபடப் பதிவேடு கோரும் மனு

அனுப்புநர்:
குப்பைக் கிடங்கின் கிழக்கு வேலியோரக் குடியிருப்போர்

பெறுநர்:
கழிவு மேலாண்மை அலுவலர் அவர்கள்

பொருள்: ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்க் கழிவு புதைத்த இடங்களைப் பதிவு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்களது முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எடைமேடையைத் தாண்டி இடப்புறம் எழும் மேட்டைத் தாங்கள் நேரில் பார்த்திருப்பதால், இட விவரத்தை மீண்டும் எழுதவில்லை. இடித்த கட்டடங்களின் கல்நார்க் கூரைத் தகடுகள் பல ஆண்டுகளாக அங்கேதான் புதைக்கப்படுகின்றன. புதைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை; எங்கே புதைத்தார்கள் என்று எழுதி வைக்காததையே எதிர்க்கிறோம்.

1. கிடங்குப் பதிவேட்டை அனுமதி பெற்றுப் பார்த்தோம். தேதி, வாகன எண், எடை மூன்றும் ஒழுங்காக உள்ளன. கட்டணம் எடைக்குத்தான் என்பதால் அதில் பிசகில்லை. 'புதைத்த இடம்' என்ற கட்டத்தில் மட்டும் முதல் வரியில் 'கிடங்கின் உள்ளே' என்று எழுதி, கீழே பக்கம் முழுக்க 'மேற்படி' போட்டிருக்கிறார்கள். ஆழத்திற்குக் கட்டமே இல்லை.

2. சென்ற மாதம் குழாய் பதிக்க மேட்டை வெட்டிய பொக்லைன், இரட்டைப் பையில் கட்டிப் புதைத்திருந்த தகடுகளைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. எச்சரிக்கை அச்சிட்ட பை வாளிப் பல்லில் தொங்கியதை வேலிக்கு இப்பக்கமிருந்து பார்த்தோம். ஓட்டுநர் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அடியில் இன்னது இருக்கிறதென்று அவருக்கு யார் சொன்னார்கள்? நனைக்காமல் உடையும் தகட்டிலிருந்து கிளம்பும் நுண்ணிழை கண்ணுக்குத் தெரியாது, மக்காது, எரியாது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த நோய் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்குப் பிறகே தலைகாட்டும் என்பதால், அன்று எங்கள் பிள்ளைகள் எதைச் சுவாசித்தார்கள் என்று இன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கொடியில் காய்ந்த துணியைத் துவைப்பதா, எறிவதா என்று கேட்டோம். அதற்கும் பதில் இல்லை. மேட்டில் இயந்திரச் சத்தம் கேட்டாலே இப்போதும் சன்னலைச் சாத்துகிறோம்.

3. நாங்கள் உலகில் இல்லாததைக் கேட்கவில்லை. அமெரிக்க விதியின்படி, கல்நார்க் கழிவு புதைத்த இடம், ஆழம், பரப்பு, கன அளவு ஆகியவற்றைக் கிடங்கு நடத்துவோர் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். கிடங்கை மூடிய 60 நாளுக்குள் நிலப் பத்திரத்திலும் அதைப் பதிய வேண்டும். இழை அழியாதபோது ஏடு மட்டும் பணியாளர் மாறியதும் காணாமல் போகலாமா?

4. மூன்று மனுவுக்கும் மூன்று ஒப்புகைச் சீட்டு தந்தீர்கள். அவற்றையாவது பத்திரமாக வைத்திருக்கிறோம், ஐயா.

ஆகவே, பழைய புதைப்புகளை ஓட்டுநர்கள், பணியாளர்களிடம் கேட்டு இயன்றவரை வரைபடத்தில் குறிக்கவும், அது முடியும்வரை அந்த மேட்டில் ஒரு மண்வெட்டிகூடப் படாமல் தடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். வரைபடத்தின் நகல் ஒன்றை எங்களுக்கும் தர மீண்டும் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வேலியோரக் குடியிருப்போர்