பேருந்து நிலையம் வந்தது, ஆறு எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம். 2016இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தபோது ரொம்ப சந்தோஷப்பட்டவன் நான். 2023இல் பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காகத் திறந்தது, சரி, அது நல்ல வேலை. ஆனால் திருமணிமுத்தாறு? சேர்வராயன் மலையில் பிறந்து வரும் ஆறு ஊருக்குள் சாக்கடையும் சாயமும் கலந்து கருப்பாக ஓடுகிறது, பாலத்தைத் தாண்டும் பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன். கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பினால் மட்டும் ஆறு திரும்பாது. முதலில் வீட்டுக் கழிவுநீர் முழுக்கப் பாதாளச் சாக்கடைக்குப் போய், சுத்திகரித்த பிறகே ஆற்றில் விழ வேண்டும். அப்புறம் நடைபாதை, விளக்கு எல்லாம் போடலாம். திட்டக் காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது என்று ஆற்றை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

- ஒரு வாசகர், குகை, சேலம்