சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உப்புப் பாத்தியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மருத்துவ முகாமும் ஆயுத பூஜையும் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு பேச்சும் உழைப்பும் பெரும்பாலும் உப்பளத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் உள்ள ஓய்வுத் திடலுக்கே போயின.

முதலில் வந்த வரைபடத்தில் புல்தரை, நீரூற்று, இரும்புப் பெஞ்சு, சுற்றிலும் தென்னை எல்லாம் இருந்தன. படத்தில் அழகுதான். ஆனால் புல்லுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். நமக்குக் குடிக்கவே கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வந்தாக வேண்டும். இரும்பை உப்புக்காற்று தின்றுவிடும். தென்னையும் சவுக்கும் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் என்ன ஆயின என்று வேதாரண்யத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1930 உப்பு சத்தியாகிரகத்துக்குத் திடலில் ஒரு தூண் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அகஸ்தியம்பள்ளியில் தூண் இருக்கிறது. இங்கே இல்லாதது நிழல்.

நம் இடத்தில் கூரை மட்டும் போதாது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் பக்கவாட்டில் வந்து கண்ணைக் கூசவைக்கும். அதனால் கருங்கல் பலகைகளை உப்பளத்துக்கு முதுகு காட்டிப் போட்டோம். மேற்கு வெயிலை மறைக்கப் பூவரசும் புன்னையும். பிற்பகலில் கடற்காற்று நுழையக் கிழக்கு திறந்தே இருக்கிறது. மார்கழி வாடைக்கு வடகிழக்கு மூலையில் மதில் கேட்டார்கள். மதிலில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழுந்து மணலை வாரி அடிக்கும். இடைவெளி விட்டுக் கட்டிய கீற்றுத் தட்டியும் தாழையும் காற்றைத் தணித்துத்தான் விடும். மூத்த உறுப்பினர்கள் இதை உடனே ஒப்புக்கொண்டார்கள், இளைஞர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது!

உவர் மண்ணில் குழி வெட்டி நட்டால் வேர் வெந்துபோகும். ஆவணியில் குளம் தூர்வாரிய வண்டலைக் கொட்டி மேடு கட்டினோம். ஐப்பசி மழை உப்பைக் கழுவி இறக்கிய பிறகு, கார்த்திகையில் பூவரசம் போத்துகளையும் (நடுவதற்கு வெட்டிய கிளைகள்) புன்னைக் கன்றுகளையும் ஊன்றினோம். மேட்டுச் சரிவில் அடம்புக் கொடி படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. அதற்கு யாரும் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பூவரசை மட்டும் ஆடு விட்டுவைக்கவில்லை. யார் ஆடு என்பது எல்லோருக்கும் தெரியும், அறிக்கையில் எழுதுவதாக இல்லை. இப்போது முள் அடைத்திருக்கிறோம்.

கொட்டகைக்குக் கீற்றா, தகரமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கீற்றை அடிக்கடி மாற்றவேண்டும், சரி. தகரம் மதியத்தில் கொதிக்கும், துருப்பிடிக்கும், புயலில் பறந்தால் ஆளை வெட்டும். மரம் வளரும்வரை கீற்றே இருக்கட்டும் என்பது செயற்குழு முடிவு.

திடலை ஒட்டிப் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை. நிழலைவிட முதலில் செய்திருக்க வேண்டியது அது என்பது என் சொந்தக் கருத்து. புதிய செயற்குழு முதல் கூட்டத்திலேயே அதை எடுக்கவேண்டும் என்று கேட்டு, அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்