புறாக்கூட்டுக்குத் தறப்பாள் தந்த ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

உறவுகளே, ஊரெல்லாம் சேர்ந்து திருத்திக்கொண்டிருந்த எங்கள் பழைய செங்கல் புறாக்கூடு அந்தப் பெருமழைக்குப் பிறகும் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து இரவிரவாக எடுத்துக் கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, குறை நினைக்காதீர்கள். அந்த மழையைப் பற்றி இங்கே திரும்ப எழுதப்போவதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும்.

நான் எழுத வந்தது ஆச்சியைப் பற்றி. பெயர் போடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சரி, போடவில்லை. மேல்வரிசைப் பொந்துகளுக்கு அன்றுதான் சுண்ணாம்புச் சாந்து பூசி முடித்திருந்தோம். சீமெந்து என்றால் விடிய இறுகிவிடும்; சுண்ணாம்பு காற்றை வாங்கி வாங்கி மெல்லத்தான் கல்லாகும், அதற்குள் பெருமழை அடித்தால் கரைந்து சுவரோடு வழிந்துவிடும். எங்களிடம் இருந்ததோ நெல் மூடுகிற கிழிந்த படங்கு ஒன்று. அப்போதுதான் ஆச்சி குடையும் இல்லாமல் வந்தார், கக்கத்தில் ஒரு தறப்பாள் (தார்ப்பாய்). 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் கொடுத்தது, இத்தனை வருசமும் றங்குப்பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். மடிப்பு வெடித்த இடமெல்லாம் சீலைத் துண்டு வைத்துத் தைத்து மெழுகு தேய்த்திருந்தது, நீல எழுத்து பாதிதான் தெரிந்தது. "உதுக்குக் கீழ நாங்கள் ஏழு பேர் படுத்தனாங்கள், உந்தக் கூட்டுக்குக் காணாதோ?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றின் ஒரு தலைப்பை அவரே இழுத்துப் பிடித்தார்.

மழை விட்டபிறகு தறப்பாளைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அவருடைய குசினிக்குள் சட்டி சட்டியாய் ஒழுக்குத் தண்ணீர். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிசி.

மற்றவர்களையும் சொல்லவேண்டும்: சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும் எவ்வளவு சேர்ப்பது என்று கைக்கணக்கில் வைத்திருந்த மேசன் அண்ணை, கேட்காமலே குட்டான் குட்டானாகப் பனங்கட்டி கொண்டுவந்த வீடுகள், உழவு மெசினில் கல் ஏற்றித் தந்த தம்பிமார், கைவைக்க முதல் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுது என்று விடாப்பிடியாய் நின்ற மாஸ்டர், காசு அனுப்பியவர்கள், அப்புறம் தங்கள் கெற்றப்போல்களை (கவண்களை) கோயில் மடத்தில் கொண்டுவந்து ஒப்படைத்த பொடியள் (இரண்டொன்று ஒளித்துவைத்திருப்பது எனக்குத் தெரியும்). நெடுந்தீவில் இருக்கிற புறாக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து, இதுவும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தது என்று அடித்துச் சொல்கிறார்கள் சிலர். அது முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), எங்களுடையது செங்கல். கல்வெட்டு ஒன்றும் இல்லாதபோது நான் அந்த வாதத்துக்கு வரவில்லை. எவர் கட்டியிருந்தாலும் இனி அதில் ஒரு கரண்டி சீமெந்தும் படாது, வருசாவருசம் ஆவணியில், மாரிக்கு முதல், சுண்ணாம்பு அடிப்போம்.

ஆச்சியின் குசினியையும் வேய்ந்து கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். இதைப் பகிரங்கமாக எழுதுவது பிறகு ஒருவரும் நழுவக்கூடாது என்பதற்காகத்தான். தைப்பொங்கல் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, காலையில். ஓலை எங்கள் பனங்காணியில் இருக்கிறது, கத்தியை மட்டும் கொண்டு வாருங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், வேண்டாம் என்று நிற்பார்.