மலையில் ஒன்றுமில்லை என்று சொன்னேனே

மனே,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். ஏதோ ஒரு மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாய், கீழே "மலை ஏற கனடா வரைக்கும் வரவேண்டியதாப் போச்சு" என்று ஒரு வரி வேறு. அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏசாதே: போன சனிக்கிழமை நான் எங்கள் மட்டக்களப்புக் குடும்பிமலை ஏறினேன். ஓம், இந்த முழங்காலோடுதான்.

தரம் 10 பிள்ளைகள் 38 பேர், ஆசிரியர்கள் நாலு பேர். விடிய ஐந்து மணிக்கு வரவேண்டிய பஸ் ஆறரைக்கு வந்தது, அந்தக் கதையை விடு. கிரான் கடந்து புலிபாய்ந்தகல் பக்கம் திரும்பினதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கமாய் எழும்பி நின்றுவிட்டார்கள், தூரத்தில் மலை தெரிகிறதாம். மலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன், தலையில் முடிந்த குடும்பி மாதிரி இருக்கிறது என்று உடனே சொன்னார்கள். அதே கல்லை வெள்ளைக்காரன் பார்த்து ஒரு பிரபுவின் தொப்பி என்று பெயர் வைத்தான், சிங்களத்திலும் தொப்பிகல தான். எங்கள் ஆட்களுக்கு மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைமயிர் தெரிந்திருக்கிறது.

உனக்குப் படிப்பித்த இந்த டீச்சர் அம்மா காட்டுக்குள் போனதும் மாணவி ஆகிவிட்டாள், அதுதான் உண்மை. மாட்டுப்பட்டி வைத்திருக்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான், வகுப்பில் வாய் திறக்கமாட்டான், பரீட்சையில் நாற்பதைத் தாண்டமாட்டான். பாதையில் யானை லத்தி கிடந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, அவன் குந்தியிருந்து புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "சூடு இல்ல டீச்சர், நேத்தையது, பயமில்ல" என்றான். பிறகு தடியால் பிரித்துக் காட்டினான், உள்ளே விளாம்பழத்து விதைகள். யானை விதை பரப்பும் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், ஒருநாள் கூடக் குந்தியிருந்து பார்த்ததில்லை.

கொஞ்சம் தள்ளி, சேறு காய்ந்து இறுகின இடத்தில் நல்ல அடையாளமாய் ஒரு முன்கால் தடம். இந்த இடத்தில்தான் எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. யானையின் முன்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வரும் என்றேன், ஒருவரும் நம்பவில்லை. சப்பாத்துக் கயிறு இரண்டை முடிச்சுப் போட்டுத் தடத்தைச் சுற்றி வைத்து அளந்தார்கள். 47 அங்குலம். அப்படியென்றால் 94, ஏறத்தாழ எட்டு அடி. அப்போது அந்தப் பையன் பேசாமல் பக்கத்து மரத்தைக் காட்டினான். யானை உரசிவிட்டுப் போன சேறு எங்கள் எல்லாருடைய தலைக்கும் மேலே காய்ந்திருந்தது. அதுவரை கத்திக்கொண்டு வந்த கூட்டம் அதற்குப் பிறகு ஒரு அரை மணித்தியாலம் குசுகுசு என்றுதான் கதைத்தது.

பாலைப்பழக் காலம். மரத்துக்குக் கீழே மஞ்சளாய்க் கொட்டிக் கிடந்தது, பெண்பிள்ளைகள் ஆசைப்பட்டுத் தின்று உதடெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கரடிக்கும் இதுதான் காலம், அதனால் ஆளுக்கொரு மரம் என்று பிரிந்து போகவேண்டாம் என்று சொல்லிவைத்தேன். பாதையை விட்டு விலகாதீங்க என்று அன்றைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். கரடிக்காகவும் யானைக்காகவும் என்று அவர்கள் நினைத்தார்கள். 2007இல் இந்தப் பக்கத்துச் சண்டை ஓய்ந்த பிறகு பிறந்த பிள்ளைகள், அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் ஓடிய பயம் வேறு, அது உனக்கு விளங்கும்.

ஏறத் தொடங்கமுன் எல்லாரையும் இருத்தி, ஐந்து நிமிஷம் வாய் திறக்காமல் கேட்ட சத்தங்களை எழுதச் சொன்னேன். காட்டுச்சேவல், மயில், மரத்துக்கு மரம் பாயும் மந்தி, கச்சான் காற்றில் காய்ந்த இலை உருளுகிறது, இப்படி நல்ல நல்லதாய் எழுதியிருந்தார்கள். ஒரு குரங்கு மட்டும் "டீச்சர்ட மூச்சு" என்று எழுதியிருந்தது.

மலை 500 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், உன்னுடைய மலைகளுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. ஆனால் ஆடி வெயிலில் கல் அடுப்புச் சட்டி மாதிரிக் கொதிக்கிறது. சில இடத்தில் பாறை வெங்காயத் தோல் மாதிரிப் பட்டை பட்டையாய்க் கழன்று நிற்கிறது. சுற்றியிருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோக, கரையாத கல் தனியே மிஞ்சியதுதான் இந்த மலை என்று விளங்கப்படுத்த வாய் எடுத்தேன், மூச்சு விடவில்லை. கடைசித் துண்டுக்கு இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

மேலே போய் இருந்ததும் உன்னுடைய ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் கிரானில் அப்பாவின் வயலில் நின்றுகொண்டு, "அம்மா, அந்த மலைக்கு மேல என்ன இருக்கு" என்று கேட்டாய். "ஒன்றுமில்லை, வெறும் கல்" என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டாய், பிறகு அதட்டினேன். இயக்கம் அங்கே இருந்த அந்தக் காலத்தில் ஆம்பிளைப் பிள்ளை ஒன்று அந்தப் பக்கம் உற்றுப் பார்த்தாலே தாய்மாருக்கு வயிறு கலங்கும். நானும் அதுவரை ஏறிப் பார்த்ததில்லை, என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பொய்தான் சொன்னேன்.

இப்போது பார்த்துவிட்டேன், கேள். மாரியில் தண்ணீர் நிற்கும் சின்னச் சின்னக் குழிகள், எல்லாம் வற்றிக் கிடக்கின்றன. வெடிப்புக்குள் கொஞ்சம் புல். ஓணான் ஒன்று. அப்புறம் பாறையில் கரி பூசின மாதிரிக் கறுத்து, காய்ந்து ஒட்டியிருக்கிற பாசி. அது செத்துப்போச்சு டீச்சர் என்றாள் ஒரு பிள்ளை. போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றச் சொன்னேன். எல்லாரும் சுற்றிக் குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்திலேயே சுருண்டு கிடந்தது மெல்ல விரிந்து, பச்சை ஏறத் தொடங்கிவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா, ஆளாளுக்குப் போத்தலைத் திறந்துவிட்டார்கள், இறங்கும்போது குடிக்க ஒரு சொட்டு இல்லை. கீழே வந்து அந்தப் பையன் வீட்டாட்கள் கொடுத்துவிட்ட மோரைக் குடித்துத்தான் தப்பினோம்.

நத்தார் லீவுக்கு வாறன் என்று சொல்லாதே. அந்த நேரம் கிரான் பாதையில் வெள்ளம் பாயும், வள்ளத்தில்தான் அக்கரை போகலாம். ஆனி ஆடியில் லீவு எடு. அப்பாவும் வருவாராம், நம்பாதே, பாதியில் இருந்துவிடுவார். முழங்காலுக்கு இங்கே எண்ணெய் இருக்கிறது, அந்த ஸ்பிரேயை வாங்கி அனுப்பிக் காசை வீணாக்காதே.

அம்மா