முதல் பருவ நிறைவும், வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. காலாண்டு விடைத்தாள்களைத் திருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம், பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வட்டார அளவிலான கோ-கோவில் நம் பெண்கள் அணிக்கு இரண்டாம் இடம். கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்கும் களிமண் பொம்மைக்கும் பரிசு கிடைத்தது. கழிவறைக் கதவுகள் ஒருவழியாகச் சரியாகிவிட்டன. எல்லோருக்கும் பாராட்டு, மீதியைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போன வாரம் வியாழக்கிழமை நடந்ததைப் பற்றித்தான்.

அன்று மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நம் பெற்றோர் குழுவில் ஒரு படம் வந்தது. தாடி வைத்த ஒருவர் தோளில் பையோடு பள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடவே ஒரு குரல் பதிவு: "வடக்கத்திக்காரன் ஒருத்தன் பிள்ளைங்கள நோட்டம் விடறான், பையில என்னமோ வெச்சிருக்கான், விட்றாதீங்க." அரை மணி நேரத்துக்குள் அறுபதுக்கு மேல் செய்திகள். ஒருவர் எங்கிருந்தோ வந்த பிள்ளை கடத்தல் வீடியோவையும் சேர்த்துப் போட்டார். பள்ளி விடும்போது கேட்டருகே பதினைந்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் அவர் செல்போனைப் பிடுங்கி வைத்திருந்தார், சட்டை கிழிந்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கூட்டத்துக்குள் புகுந்து, "அவரு நம்ம மூணாவது படிக்கிற பாப்பாவோட அப்பா" என்று கத்தினான். அதற்கப்புறம்தான் பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை.

அவர் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் மகள் நனைந்துவிடக் கூடாதே என்று சீக்கிரம் வந்து நின்றிருக்கிறார். மைதானத்தில் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பள்ளியில் இரண்டு வருடமாகப் படிக்கும் பிள்ளையின் அப்பா நம் குழுவிலேயே இல்லை. ஏனென்றால் சேர்க்கை விண்ணப்பத்தில் அவருடைய மேஸ்திரியின் எண்தான் இருந்தது, நாங்களும் மாற்றிக் கேட்கவில்லை. அது பள்ளியின் தவறு, என் தவறு. அந்தப் படம் வந்தபோது நான் அலுவலகத்தில்தான் இருந்தேன். செய்தியைப் பார்த்தேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு "கேட்டைப் பூட்டுங்க" என்றேனே தவிர, "யாருங்க நீங்க" என்று போய்க் கேட்கத் தோன்றவில்லை. முப்பது அடி தூரம்தான். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு மட்டும் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அதில் இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி ஊரே கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அவர்கள் பேசியதும் தமிழ்தான், வந்தது சென்னையிலிருந்துதான். அதே வருடம் ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை இதே சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உண்டு, மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவது போல. அது கராச்சியில் பெற்றோருக்கு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். இதற்கெல்லாம் பிறகுதான் இந்தியாவில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வியாழக்கிழமை நம் குழுவுக்கு வந்த வீடியோவின் மேலும் இரட்டை அம்புக்குறி இருந்தது. அப்படி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம், அனுப்பியவருக்கே மூலம் தெரியாது.

நம் திருப்பூர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உறைக்க வேண்டும். 2023 மார்ச்சில் இங்கேயும் கோவையிலும் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று இரண்டு வீடியோக்கள் பாட்னா வரை போயின. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, இரண்டுமே பொய்யாகப் பரப்பப்படுகின்றன, ஒன்று பீகார்க்காரர்களுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கம் கொடுத்தார். முதலமைச்சர் ஸ்டாலின் நிதீஷ் குமாரிடம் போனில் பேசினார், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துவிட்டுப் போனது. அப்போது நாம் எல்லோரும் எவ்வளவு கொதித்தோம்! யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நம் ஊரைப் பற்றி இப்படிப் புளுகுகிறானே என்று டீக்கடையில் இருந்து ஸ்டாஃப் ரூம் வரை அதே பேச்சு. இப்போது அதே வேலையை நாமே நம் பள்ளி வாசலில் வைத்துச் செய்திருக்கிறோம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். "உண்மையா இருந்தா பிள்ளைங்க தப்பிச்சாங்க, பொய்யா இருந்தா என்ன நஷ்டம்?" என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த நஷ்டம் அனுப்பியவர் தலையில் விழவில்லை, படத்தில் இருந்தவர் தலையில் விழுந்தது. அதனால்தான் நமக்கு அது நஷ்டமாகவே தெரியவில்லை. அறுபது செய்திகளுக்கு நடுவில் ஒரே ஒரு அம்மா, "யாராவது அவர்கிட்ட கேட்டீங்களா?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, "உங்க பிள்ளைய தூக்கிட்டுப் போனா தெரியும்" என்று பதில். அவர் அதற்குமேல் எழுதவில்லை. நாட்டில் நல்ல தலைவர்கள் இல்லை என்று நாம் தினமும் செய்தி பார்த்துப் புலம்புகிறோம், நானும்தான். அன்று அந்தக் குழுவில் ஒரு தலைவி இருந்தார், நாம் வாயை அடைத்துவிட்டோம். இன்னொரு தலைவன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான், அவன் கையில் போன் இல்லை.

இனிமேல் நடக்கப்போவதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். யாருடைய படத்தையும் சந்தேகம் என்று சொல்லிக் குழுவில் போடக் கூடாது. போட்டால் அந்த நிமிடமே நீக்குவேன், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, பள்ளிக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தவராக இருந்தாலும் சரி. பள்ளி வாசலில் இன்னொரு முறை யார் மேலாவது கை வைத்தால் நான் நேராகக் காவல் நிலையத்துக்குப் போவேன். "தெரியாம நடந்துடுச்சு டீச்சர்" என்பதை ஒரு தடவைதான் கேட்பேன், அதைக் கேட்டாயிற்று. சந்தேகம் வந்தால் அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் 112, பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1098. பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பயந்தால் பள்ளியிடம் சொல்லுங்கள், ஊரிடம் வேண்டாம்.

அந்தப் பாப்பா மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் வகுப்பாசிரியையும் அவர்கள் லைன் வீட்டுக்குப் போனோம். அங்கே போனால், எங்களுக்கு முன்பே நம் பெற்றோர் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அந்தக் குரல் பதிவைப் போட்டவர். அவர் என்ன பேசினார் என்று நான் எழுதப் போவதில்லை, பாப்பாவின் அப்பாவுக்குத் தமிழ் அரைகுறை, வந்தவருக்கு இந்தி சுத்தமாக வராது, இருந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு டீ கொடுத்தார்கள். திங்கட்கிழமை பாப்பா வந்தாள். அவள் அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம், அவர் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை.

அன்று போனவர்களுக்கும், அப்புறம் தனியாக எனக்கு எழுதி வருத்தம் தெரிவித்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் இந்தப் பள்ளி நடக்கிறது. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பெற்றோர்களின் எண்களை இந்த வாரம் புதிதாக வாங்குகிறோம், குழுவில் சேர்ந்ததும் ஒரு வணக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியை

பி.கு.: விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்தை ஆறாம் வகுப்பில் நான்கு பேர் அவர்களே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், குழுவில் போட மாட்டேன்.