பெற்றோர் ஆசிரியர் கழகம்: குழந்தைகளின் மனநலப் பணிகள் குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது தொடக்கப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம் இந்த ஆண்டு ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஒவ்வொரு பருவத்திலும் தவறாமல் கூடியது. கட்டடப் பராமரிப்பு, நூலகத்துக்குப் புத்தகம் வாங்குதல், விளையாட்டு விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் விவரங்களும் வரவு செலவுக் கணக்கும் பொருளாளர் அறிக்கையில் உள்ளன. சென்ற பொதுக்குழு நம்மிடம் தனியாக ஒப்படைத்த வேலை, குழந்தைகளின் மனநலம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழுந்தது: ‘ஓடி விளையாடும் வயதில் பிள்ளைகளுக்கு அப்படி என்ன கவலை?’ நியாயமான கேள்விதான். மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடக்கப் பள்ளிப் பருவம் அதற்கு முன்வாசலில் இருக்கிறது. ஆனால் ஏழு வயதுக் குழந்தை ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று வந்து நிற்காது. வயிறு வலிக்கிறது என்னும், தலை வலிக்கிறது என்னும், பென்சிலை உடைக்கும், பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடும், அல்லது நாள் முழுக்க வாயே திறக்காது. கடைசியாகச் சொன்ன குழந்தைதான் எளிதில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். சேட்டை செய்கிற பிள்ளையை எல்லோரும் கவனிக்கிறோம். அடங்கி ஒடுங்கி இருப்பதை நல்ல பிள்ளை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று பெரிய விழாவாக எடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஒரு நாள் மேடை போட்டுப் பேசுவதைவிட, பிள்ளைகள் பள்ளியில் கழிக்கும் சாதாரண நாளில் எதை மாற்றலாம் என்று பார்ப்போம் எனச் செயற்குழு முடிவு செய்தது. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

தொடக்கம் முதலுதவி அறையில் அமைந்தது. அங்கே ஒரு பதிவேடு உண்டு. தேதி, நேரம், வகுப்பு, என்ன தொல்லை, என்ன செய்தோம் என்று கோடு போட்ட பழைய நோட்டு. தலைமையாசிரியர் பெயர்களை மறைத்து அதன் பக்கங்களைச் செயற்குழுவுக்குக் காட்டினார். ‘வயிற்று வலி, படுக்க வைத்தோம், சரியாயிற்று’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் வகுப்பை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, அந்த வரிகள் பெரும்பாலும் ஒரே கிழமையில், முதல் இரண்டு பாடவேளைகளுக்குள் விழுந்திருந்தன. அது சொல்வதெழுதுதல் தேர்வு நடக்கும் நாள். தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களை வகுப்பில் உரக்க வாசிப்பது பல ஆண்டுப் பழக்கம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை. மனத்தில் பதற்றம் ஏறும்போது குடலின் இயக்கமும் மாறுகிறது. வலி உண்மையான வலிதான். ‘ஒன்றுமில்லை, போய் உட்கார்’ என்றால், தன் உடம்பு சொல்வதைப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும். வகுப்பாசிரியர் தாமாகவே முன்வந்து, மதிப்பெண்ணை வாசிப்பதை நிறுத்தி, விடைத்தாளைக் கையில் தனித்தனியே கொடுக்கத் தொடங்கினார். தேர்வை நிறுத்தவில்லை, எழுத்துப் பிழை திருத்தத்திலும் தளர்வு இல்லை. நாளடைவில் அந்தக் கிழமையின் வயிற்று வலி வரிகள் குறைந்துகொண்டே வந்தன. மற்ற வகுப்புகளும் இப்போது இதைப் பின்பற்றுகின்றன. அடிக்கடி வரும் வயிற்று வலிக்கு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதையும் பெற்றோருக்கு எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிடுவதும் ஆபத்து.

இரண்டாவது மாற்றம் இடைவேளை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை இடைவேளையில் வகுப்பிலேயே நிறுத்தி வைக்கும் வழக்கம் சில வகுப்புகளில் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. ஆசிரியர்கள் இதைக் கூடிப் பேசி, இடைவேளையைத் தண்டனையாகப் பறிப்பதில்லை என முடிவெடுத்தார்கள். ஒரு இடத்தில் நிலையாக உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைக்குத்தான் அந்த ஓட்டம் மிகவும் தேவை. தண்டனையோ பெரும்பாலும் அவனுக்கே விழுந்துகொண்டிருந்தது.

காலையில் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் நின்று, வருகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லி வரவேற்கும் ஏற்பாட்டையும் தொடங்கினோம். இது சம்பிரதாயமாகத் தோன்றலாம். எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக நிமிர்ந்து வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக அமைந்தவற்றில் ஒன்று, தன்மேல் அக்கறை கொண்ட ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தது. தாத்தா பாட்டியாகவோ ஆசிரியராகவோ பக்கத்து வீட்டவராகவோ அவர் இருக்கலாம். அதை மனத்தில் வைத்து ஆசிரியர் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் சுவரில் ஒட்டினார்கள். எந்தப் பிள்ளையைப் பற்றிப் பாடம் தாண்டி ஏதாவது தெரியுமோ, அந்தப் பெயருக்கு எதிரே ஆசிரியர்கள் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி விழாத பெயர்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் தினமும் ஓரிரு வார்த்தை பேசுவதுதான் ஏற்பாடு. இந்த ஆண்டின் மிகச் சிறந்த பணி எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

மனநல ஆலோசகர் ஒருவரைக் கொண்டு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே பயிற்சி நடத்தினோம். குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் பற்றிய வினாப்பட்டியலை (SDQ) ஆலோசகர் அறிமுகம் செய்தார். அதில் 25 கூற்றுகள் உள்ளன. குழந்தையின் குறைகளோடு, பிறருக்கு உதவும் குணம் போன்ற நல்லியல்புகளையும் அது கேட்கிறது. அதை நிரப்புவதால் யாருக்கும் நோயின் பெயர் சூட்டப்படுவதில்லை. நிபுணரிடம் காட்ட வேண்டுமா என்று அறிய ஒரு முதல் படி, அவ்வளவே. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்துவதில்லை என்றும், நிரப்பிய தாள்கள் தலைமையாசிரியர் பொறுப்பில் பூட்டி வைக்கப்படும் என்றும் தீர்மானம் நிறைவேற்றியுள்ளோம்.

பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்டார்கள். வீட்டில் நிறுத்திக்கொண்டால் அன்றைக்கு அழுகை அடங்கும். அச்சம் மட்டும் மறுநாளைக்கு இன்னும் வளரும் என்று ஆலோசகர் விளக்கினார். அதற்காகக் கதறக் கதற இழுத்து வருவதும் தீர்வாகாது. முதலில் பயத்தின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். கழிப்பறைக்குப் போகக் கூச்சமா, யாராவது கேலி செய்கிறார்களா, வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? பிறகு கொஞ்ச நேரமாவது பள்ளிக்கு வரவைத்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும். கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் சரியாக விழாதது இந்தப் பேச்சின்போதுதான் தெரியவந்தது, உடனே மாற்றினோம். மனநலப் பணிக் கணக்கில் தாழ்ப்பாள் ஏன் என்று பொருளாளர் அறிக்கையைப் படிப்பவர்கள் வியக்க வேண்டாம்.

இவ்வாண்டு நம் பள்ளிக் குடும்பம் ஒன்றில் இழப்பு நேர்ந்தது. அந்தக் குழந்தை பள்ளிக்குத் திரும்புமுன் ஆசிரியர்களும் வகுப்புப் பெற்றோரும் கூடிப் பேசினோம். ‘தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொன்னால் சிறு பிள்ளைகள் அதை அப்படியே நம்பி, தூங்கவே அஞ்சுவார்கள், அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். ‘இறந்துவிட்டார், இனி வரமாட்டார், இதற்கு நீ காரணமில்லை’ என்று அன்போடும் தெளிவாகவும் சொல்வதே நல்லது. குழந்தை ஒரு நிமிடம் அழும், அடுத்த நிமிடம் விளையாடப் போகும். அது மறந்துவிட்டதாக ஆகாது. பிள்ளைகள் துக்கப்படும் முறை அது. வகுப்புத் தோழர்கள் அவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட விதத்துக்கு அவர்களின் பெற்றோர் அனைவருக்கும் கழகத்தின் நன்றி.

வீட்டுக்கு நாம் வைத்த முக்கிய வேண்டுகோள் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த பரிந்துரை. எரிச்சல், கவனக்குறைவு, சட்டென்று வரும் அழுகை ஆகியவற்றில் கணிசமான பங்கு தூக்கக் குறைவால் வருவது. படுக்கையறைக்குள் கைபேசி வேண்டாம் என்ற வேண்டுகோளைப் பெரியவர்களும் கடைப்பிடித்தால்தான் பிள்ளைகள் ஏற்பார்கள்.

ஆசிரியர்களின் நிலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. களைத்துப்போன பெரியவரால் கலங்கிய குழந்தையை ஆற்ற முடியாது. பதிவேடுகளை நிரப்பும் வேலையில் ஒரு பகுதியைப் பெற்றோர் தொண்டர்கள் ஏற்றுக்கொண்டது சிறு உதவிதான். ஆசிரியர்கள் அதைப் பெரிதாக மதித்தார்கள். பிள்ளைகளின் தனிப்பட்ட விவரம் உள்ள எதையும் தொண்டர்களிடம் கொடுப்பதில்லை.

நிறைவேறாதவையும் உண்டு. நிரந்தர ஆலோசகர் இன்னும் அமையவில்லை. இப்போதைய ஏற்பாடு ஓர் ஆலோசகர் தமக்கு ஒழிந்த நேரத்தில் வந்துபோவதே. பயிற்சிகளுக்குத் தந்தையர் வருகை மிகக் குறைவு. இரவு நேரத்தில் ஓர் அமர்வு வைத்துப் பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பிள்ளைகளையே உறுப்பினராகக் கொண்ட ஒரு சிறு குழு அமைத்து, பள்ளியில் எந்த இடம் பயமாக இருக்கிறது என்று அவர்களிடமே கேட்கும் திட்டமும் அடுத்த ஆண்டுக்கு வைக்கப்பட்டுள்ளது.

வாசல் வரவேற்புக்குக் காலையில் அரை மணி நேரம் தரக்கூடிய பெற்றோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
பெற்றோர் ஆசிரியர் கழகம்